தாம்பரம் வந்த காகவா... காந்தி சொன்ன பதில்!

கிழக்கு தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்து கிடக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் இருக்க முடியாது. 1837-ல் பள்ளியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுனில் வளர்ந்த இந்தக் கல்லூரி, 1937-ல்தான் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே உலகத்தின் பார்வை அந்த வளாகத்தின் மீது விழுந்தது.

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அங்கே கூடியது. சுமார் 70 நாடுகளிலிருந்து 470-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். உண்மையில் இந்த மாநாடு சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்திருக்க வேண்டியது. 1937-ல் ஜப்பான் சீனா மீது படையெடுத்ததால், இடம் தாம்பரத்துக்கு மாறியது.

ஒரே கூரையின் கீழ் இரு நாட்டவர்

சீனக் குழுவில் வூ யிஃபாங் இருந்தார். நான்ஜிங் நகரின் ஜின்லிங் பெண்கள் கல்லூரித் தலைவர் அவர். ஓராண்டுக்கு முன்புதான் ஜப்பானியப் படை அந்த நகரத்தைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கான பெண்கள் உயிருக்கும் மானத்துக்கும் பயந்து அவருடைய கல்லூரிக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள்.

அதே மாநாட்டுக்கு ஜப்பானிலிருந்து வந்தவர்களில் ஒருவர் டொயொஹிகோ காகவா. 1909-ல், 21 வயதில், கோபே நகரின் சேரிக்குள் குடியேறி ஏழைகளோடு வாழ்ந்தவர். தொழிலாளர் சங்கங்களையும் கூட்டுறவு அமைப்புகளையும் வளர்த்தவர். தன் புத்தகம் ஒன்றின் சீனப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தன் நாடு செய்ததற்காகச் சீன மக்களிடம் மன்னிப்புக் கேட்டவரும் கூட.

ஆனால், போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. எழுத்தில் கேட்ட மன்னிப்பு போதுமா?

உள்ளே இருக்கும் நண்பன்

மாநாடு முடிந்ததும், 1939 ஜனவரியில், குஜராத்தின் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார் காகவா. போரைப் பற்றி ஜப்பானில் என்ன நினைக்கிறார்கள் என்று காந்தி விசாரித்தார். தன் நாட்டில் தான் ஒரு மாறுபட்ட கருத்துக்காரன் என்றார் காகவா. என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்.

காந்தி பூசி மெழுகவில்லை. தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, சுடப்பட்டுச் சாகவும் தயாராக இருப்பேன் என்றார். கூட்டுறவுப் பணிகள் எல்லாவற்றையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, நாட்டின் மானத்தை மறு தட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வேண்டாம் என்று நண்பர்கள் தடுப்பதாகக் காகவா சொன்னபோது, உள்ளே இருக்கும் நண்பன் 'செய்' என்று சொல்லும்போது வெளியே இருக்கும் நண்பர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்பதே காந்தியின் பதிலாக இருந்தது.

1940 ஆகஸ்டில் ஜப்பானிய ராணுவப் போலீஸ் காகவாவைக் கைது செய்தது. போருக்கு எதிராக எழுதினார் என்பது குற்றச்சாட்டு. சில வாரங்களில் விடுதலையானார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால், போரின் கடைசிக் காலத்தில் இதே காகவா அமெரிக்காவைச் சாடி ஜப்பானிய வானொலியில் பேசினார். அவருக்காக வருந்துபவர்கள் இன்றும் உண்டு. ஒருமுறை துணிந்தவர் என்றால் எப்போதும் துணிந்தவர் என்று சொல்லிவிட முடிவதில்லை.

நம் வீட்டுத் தராசு

திருவிருந்தில் பங்கெடுக்கும் முன் ஒவ்வொருவரும் தன்னைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது கிறிஸ்தவ மரபு. ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையாக அது சொல்லப்படவில்லை. ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்பு மறுபடியும் செய்ய வேண்டியது அது. ஏன் என்பதைக் காகவாவின் வாழ்க்கை காட்டுகிறது.

கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வது ஓரளவு சுலபம். என் குடும்பம், என் ஜாதி, என் சபை, என் நாடு தவறு செய்கிறது, அதில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்வதுதான் கடினம். மருமகளிடம் நடந்துகொண்ட விதம், வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குத் தனியாக வைத்திருக்கும் டம்ளர், அண்ணன் தம்பி நிலத் தகராறு... தராசில் வைக்க ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும்.

மனமாற்றம் அந்தத் தட்டைப் பார்க்கத் துணியும்போது தொடங்குகிறது. மறுநாளும் அதைப் பார்த்தால்தான் அது நிலைக்கிறது.