கடை அலமாரிக்கு ஏற்ற பொருள் எது?

கடையைப் புதுப்பிக்கும்போது நம்மில் பலர் முதலில் பார்ப்பது பளபளப்பைத்தான். சரக்கின் எடையையும் ஈரத்தையும் மறந்துவிடுகிறோம். நாங்களும் அப்படி ஏமாந்தவர்களே. விலை மலிவு என்று, மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் அலமாரி அடித்தோம். முதல் மழைக்காலத்திலேயே சுவர் ஓதத்தில் பலகை உப்பி, திருகாணி பிடிப்பு விட்டு, எண்ணெய்ப் பாக்கெட் அடுக்கிய தட்டு சரிந்தது. கீழிருந்த பருப்பு மூட்டைகளும் பாழாயின. பலகையில் மிச்சம் பிடித்ததைவிடச் சரக்கில் போனது அதிகம்.

அதன்பின் நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்:

கனமான டின்களுக்குக் கடப்பாக் கல் தட்டு. கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது. ஆனால் இரண்டடிக்கு ஒரு தாங்கல் வேண்டும், இல்லையேல் உடையும்.

பாக்கெட் சரக்குக்கு இரும்பு ஆங்கிள் ரேக் போதும். உப்பு மூட்டையை மட்டும் அதன் அருகே வைக்கக்கூடாது, இரும்பை அரித்துவிடும்.

பிளைவுட் என்றால், ஈரம் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். கல்லா மேசை போன்ற உலர்ந்த இடத்துக்கு ஐ.எஸ். 303 போதும். வெட்டிய ஓரங்களுக்கு அவசியம் பெயின்ட் அடிக்க வேண்டும். ஈரம் அவ்வழியேதான் நுழைகிறது.

வாய்ச்சொல்லை நம்பாமல், பலகையில் உள்ள முத்திரையை நாமே பார்த்து, பில்லோடு வாங்கித் தச்சரிடம் கொடுப்போம்.