மேய்ச்சல் வெளியும் ஒரு அங்குல வரைபடமும்

ஒரு மைலை ஒரு அங்குலத்தில் அடக்கும் இலங்கையின் தரைத்தோற்ற வரைபடங்களை, 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் வெளியிட்டது. அளவு 1:63,360. அடிப்படை முக்கோண அளவை. அடிக்கோடு எனப்படும் ஒரு நேர்கோட்டின் நீளத்தைத் துல்லியமாக அளந்துகொண்டால், அதன் பிறகு கோணங்களே போதும்; மற்றத் தூரங்கள் கணக்கில் கிடைத்துவிடும். முதல் கோடு நீர்கொழும்புப் பக்கம் அளக்கப்பட்டது. தீவைக் குறுக்காகக் கடந்த முக்கோணச் சங்கிலியைச் சரிபார்க்க, மறு கோடு மட்டக்களப்புப் பக்கம் அளக்கப்பட்டது. கணக்கில் வந்த நீளமும் தரையில் அளந்த நீளமும் ஒத்துப்போனால் இடைப்பட்ட வேலையை நம்பலாம். அடிக்கோட்டுக்குச் சமதரை வேண்டும். கோணம் பார்க்கக் குன்று வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், இரண்டும் உண்டு. வயலும் காடும் கலந்த அந்த வெளியில் குடும்பிமலை தொலைவிலிருந்தே தெரியும்.

ஆனால் அங்கே மாடு மேய்க்கும் பட்டிக்காரருக்கு இந்த வரைபடம் அரைகுறையாகவே உதவும். சமவுயரக் கோடுகள் 100 அடி இடைவெளியில் வரையப்பட்டவை. வாவியோரத் தாழ்நிலம் முழுவதும் முதல் கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. மாரியில் எந்த மேடு நீருக்கு மேலே நிற்கும், கோடையில் எந்த மடுவில் தண்ணீர் தங்கும் என்பதை ஓரிரு அடி வேறுபாடே தீர்மானிக்கிறது. வடகீழ்ப் பருவமழையில் வாவி பரந்து, கோடையில் சுருங்கும். வரைபடத்திலோ கரை ஒரே கோடு. மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளின் பருவகால எல்லையையும் அதில் தேட முடியாது. இடப்பெயர்கள் ஓரளவு கைகொடுக்கும்: பெயரில் ‘மடு’ இருந்தால் அங்கே நீர் தங்கியிருக்க வாய்ப்புண்டு.