கேபிள் இல்லாமல் ஹாக்கி

கேபிளை நிறுத்தியவர்கள் ஹாக்கி பார்க்க வழி தேடும்போது, 2007-ல் வந்த ஒரு சட்டத்தைத் தெரிஞ்சுக்கணும். தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவித்த போட்டி என்றால், உரிமை வாங்கிய தனியார் சேனல் அதை விளம்பரம் இல்லாமல் பிரசார் பாரதிக்கும் கொடுத்தாக வேண்டும். கிரிக்கெட் மட்டுமில்லை, உலகக் கோப்பை ஹாக்கியில் இந்தியா ஆடும் ஆட்டங்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. அப்படிப் பகிரும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழி அலைவரிசைக்கும் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும்தான். கேபிள்காரர் அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆக, இந்த விஷயத்தில் மாசாமாசம் பணம் கட்டுறவரைவிட மொட்டை மாடியில் டிஷ் வெச்சவருக்குத்தான் வசதி! அதுக்கு டிஷ், பெட்டி வாங்கும் செலவு ஒரே தடவை. சந்தா கிடையாது.

உள்ளூர் போட்டிகளுக்கு இந்தச் சட்டம் உதவாது. கோவில்பட்டி லட்சுமி அம்மாள் கோப்பை அந்தப் பட்டியலில் இல்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையோடு நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் நடந்தது, அதுவும் இலவச அனுமதியோடு. கோச்சடையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். டிவி கேமரா பந்து பின்னாடியே ஓடும். பந்து இல்லாத பக்கம் இடம் பிடிக்க ஓடுறவனை கேலரியில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும்.