வாக்கியப் பிழை காணும் வழி

தமிழ் மொழி வினாத்தாளிலே ‘பின்வரும் வாக்கியங்களிலுள்ள பிழைகளைத் திருத்துக’ என்னும் பகுதியைக் கண்டதும், மாணவருட் பெரும்பாலார் வாக்கியத்தை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பர். செவிக்கு இடறினாற் பிழை, இடறாவிடிற் சரி. இம்முறை முற்றிலும் பயனற்றதன்று. ஆயினும், செவி ஏமாறும் இடங்களைத் தேடியே பரீட்சகர் வினாக்களை அமைப்பது வழக்கம்.

‘மழையில் நனைந்த நெற்கதிர்களின் நிறம் மாறின’ என்பதைப் பாருங்கள். கேட்பதற்கு இயல்பாகவே இருக்கிறது. ‘கதிர்கள்’ என்ற பன்மைச் சொல் பயனிலைக்கு அண்மையில் நிற்பதே காரணம். மாறியது எது? கதிர்களா, நிறமா? நிறமே. ஆகவே ‘நிறம் மாறியது’ என்றிருத்தல் வேண்டும். தமிழ் வாக்கியத்திற் பயனிலை பெரும்பாலும் இறுதியில் நிற்பது நமக்கு வாய்த்த வசதி. அவ்விறுதிச் சொல்லை முதலிற் பற்றிக்கொண்டு, ‘யார்?’ அல்லது ‘எது?’ என வினவிப் பின்னோக்கிச் சென்றால் எழுவாய் அகப்படும். இடையிலுள்ள அடைமொழிகளை அப்பொழுதைக்கு மறந்துவிடலாம்.

எதிர்மறைச் சொற்களிலும் செவி உதவாது. பேச்சுவழக்கில் ‘இல்லை’ ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். எழுத்து வழக்கிலோ அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என ஐந்து வகை உண்டு. ‘அது உண்மை அல்ல’ என்று நாள்தோறும் படிக்கிறோம். பழகிய பிழையாதலால் அது கண்ணிற் படுவதேயில்லை. ‘உண்மை அன்று’ என்பதே இலக்கணம்.

சில வாக்கியங்களில் இரண்டு பிழைகள் பதுங்கியிருக்கும். ‘ஒவ்வொரு ஊர்களிலும் கோயில் உண்டு’ என்பதிற் பன்மையை நீக்கிய மாணவன் பணி முடிந்ததென அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். உயிரெழுத்தின் முன் ‘ஓர்’ வரவேண்டுமாதலால் ‘ஒவ்வோர் ஊரிலும்’ என்று எழுதினாலன்றி முழுப் புள்ளி கிட்டாது.

இனி, வினையெச்சம். ‘நான் நிலையத்தை அடைந்து வண்டி புறப்பட்டது’ என்னும் வாக்கியத்தில் அடைந்தவன் நான், புறப்பட்டது வண்டி. ‘செய்து’ என்னும் வாய்பாட்டெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது விதி. எனவே ‘நான் நிலையத்தை அடைந்ததும் வண்டி புறப்பட்டது’ எனத் திருத்துகிறோம். ‘அடையுமுன்’ என்று எழுதினாலும் இலக்கணம் வழுவாது. ஆனாற் பொருள் தலைகீழாகிவிடும். பிழையுள்ள சொல்லை மாத்திரம் மாற்றிப் பொருளை இருந்தபடியே விடுவதே திருத்தம். நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியச் சொல்லும் வினாக்களிற் பெரும்பாலும் இவ்வாறு பொருள் மாறிய விடையொன்றும் கலந்திருக்கும்.

அப்படியானால் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பது பிழையோ? பெய்தது மழை, நிறைந்தது குளம். விதியை மட்டும் மனனஞ் செய்தவன் இதனையும் அடித்துவிடுவான். ஆனால், ‘பெய்ய’ என்னும் பொருளில் ‘பெய்து’ நின்றதெனக் கொண்டு இலக்கண ஆசிரியர் இதனை ஏற்றுக்கொள்வர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களைக் கூறும் நன்னூல், அவற்றோடு வழுவமைதியையும் கூறுகிறது. காரணம் பற்றிப் பொறுத்துக்கொள்ளப்படும் வழுவே வழுவமைதி. வீட்டிலிருந்து இன்னும் புறப்படாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று குரல் கொடுப்பது கால வழு; விரைவு பற்றி அமைந்தது. தன் பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பவன் உவகையினால் அஃறிணையை உயர்திணையாக்குகிறான்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் எழுதிய ‘இலக்கணச் சுருக்கம்’ இவற்றையெல்லாம் எளிய உரைநடையில் விளக்குகிறது. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோர் வினா விடைத் தொகுப்புக்களைப் புரட்டுமுன் அந்நூலின் சொல்லதிகாரத்தை ஒருமுறை படித்தல் நன்று. அதன்பின் பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எது வழு, ஏன் வழு என்று ஓரிரு சொற்களில் ஓரத்திற் குறித்துக்கொண்டு பழகலாம்.