ராஜாக்கள் வாங்காத 'ராயல்' கார்... புகாட்டியைக் காப்பாற்றியது எது?

அரசர்களுக்கென்றே ஒரு கார் செய்ய ஆசைப்பட்டார் எட்டோரே புகாட்டி. பிரான்ஸின் மோல்ஸைம் தொழிற்சாலையில் பிறந்தது 'டைப் 41 ராயல்'. எஞ்சின் மட்டுமே 12.7 லிட்டர். இன்றைய சின்ன கார்களில் 1.2 லிட்டர்தான்!

25 கார்கள் செய்வதாகத் திட்டம். 1929-ல் உலகப் பொருளாதாரம் படுத்துவிட்டது. முன்மாதிரி போக, உருவானவை 6 கார்கள்தான். வெளியே விற்றவை வெறும் 3. ஒரு ராஜாகூட வாங்கவில்லை!

போட்ட முதல் போச்சா? அங்கேதான் ட்விஸ்ட். அதே எஞ்சினை ரயிலில் பொருத்தினார் எட்டோரே. 1933 முதல் பிரான்ஸ் தண்டவாளங்களில் புகாட்டி ரயில்கள் பறந்தன. நெருக்கடியில் இருந்த கம்பெனி மூச்சுவிட்டது.

அன்று வாங்க ஆளில்லாத அந்த 6 கார்களும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டை பிரான்ஸின் முலூஸ் மியூசியத்தில் பார்க்கலாம்.