தீபாவளிப் பந்தியில் ஒரு பாகப்பிரிவினை

உத்தியோக நிமித்தமாகத் திசைக்கொருவராய்ச் சிதறிய மக்களெல்லாம் தீபாவளிக்குப் பூர்வீக வீட்டில் ஒன்றுகூடி, கங்கா ஸ்நானமும் லேகியமும் புத்தாடையுமாகக் காலைப்பொழுது குதூகலமாய்க் கழிந்தபின், மத்தியானப் போஜனம் முடித்த குடும்பத் தலைவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "வீட்டை விற்றுவிடுவதாகத் தீர்மானித்துவிட்டேன்; அட்வான்ஸும் வாங்கியாயிற்று" என்று சொல்ல, கூடமே ஸ்தம்பித்துப் போவது நம் நாட்டில் அபூர்வமான சம்பவமன்று. 'பாகப்பிரிவினை' என்ற திரைப்படமே 1959-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குத்தான் வெளியாயிற்று!

பெரியவரைக் குறைகூறவும் மனம் வரவில்லை. எல்லோரும் சேர்ந்திருக்கும் நாள் அவருக்கு வேறு ஏது? ஆனால், யோசனை கேட்கவேண்டிய இடத்தில் முடிவைச் சொல்வதுதான் சகலரையும் புண்படுத்துகிறது. அதிலும், காலையில் சீர்ப்புடவையை நீட்டிய தம்பி, மாலையில், "அக்கா, இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு" என்று அவளது பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டும்போது, பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற பீதியில், அதைப் படித்தும் பாராமல் கையெழுத்திடும் பெண்கள் அநேகர்.

இந்துக் குடும்பங்களைப் பொறுத்தமட்டில் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த சொத்தாயின், அதை விற்கவோ, செட்டில்மெண்ட் எழுதவோ, உயில் மூலம் தம் இஷ்டப்படி வழங்கவோ அவருக்குப் பூரண சுதந்திரம் உண்டு. மக்கள் வருந்தலாம், தடுக்க இயலாது. உயில் எழுதாமலே அவர் காலமானால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும், அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் சமபங்கு சேரும். பிதுரார்ஜிதமான கூட்டுக் குடும்பச் சொத்தின் கதையோ வேறு. 25-3-1989-க்கு முன் விவாகமாகாத பெண்களுக்கு அதில் பிறப்புரிமையைத் தமிழ்நாடு முன்னதாகவே வழங்கியது. 9-9-2005 முதல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தம் விவாகமான பெண்களுக்கும் அவ்வுரிமையை விஸ்தரித்தது. அன்றைய தினம் தந்தை ஜீவித்திருக்க வேண்டுமா என்ற சர்ச்சையையும், அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. 20-12-2004-க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினைகள் இதனால் பாதிக்கப்படுவதில்லை.

ஆகவே, வீட்டை விற்க நினைக்கும் பெரியவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே மக்களுக்குத் தகவல் சொல்லி, மூலப்பத்திரத்தையும் அவர்கள் பார்வைக்கு வைப்பது நலம். பெண்மக்களும், அண்ணனோ தம்பியோ எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும், பண்டிகையன்று எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாமல், வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு நிதானமாக முடிவு செய்யட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்ட விடுதலைப் பத்திரத்தை, பிற்பாடு மனம் மாறிவிட்டது என்ற காரணத்திற்காக மட்டும் எழுதிக் கொடுத்தவர் ரத்து செய்துவிட முடியாது.