எட்டாத இடத்தில் பிரேக்!

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் படும் பாடு

கார் வேகமாக ஓடுவது பெரிதல்ல. நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் பெரிது!

இங்கிலாந்தில் சிலர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கார் கட்டுகிறார்கள். அதுவும் சாதாரணக் கார் அல்ல. சீறிப்பாயும் ‘ஸ்போர்ட்ஸ் கார்’!

இது பழைய ஆசை. 1957–ல் வந்த ‘லோட்டஸ் செவன்’ கார், பூட்டாத பாகங்களாகவும் விற்கப்பட்டது. வாங்கியவரே பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. 1973–ல் வரி முறை மாறியது. சலுகை போயிற்று. ஆனால் ஆசை போகவில்லை!

1962–ல் பிறந்த ‘ஏ.சி. கோப்ரா’ காரைப் போலவே பலர் கார் கட்டுகிறார்கள். மேலே கண்ணாடி நாரில் செய்த உடல். அடியில், பழைய ‘ஜாகுவார்’ காரில் இருந்து கழற்றிய பின்பாகம். வம்பு அங்கேதான் இருக்கிறது.

சக்கரத்தில் இல்லை!

‘டிஸ்க் பிரேக்’ என்பது என்ன? சக்கரம் சுழலும்போது ஒரு இரும்புத் தட்டும் சுழலும். பிரேக்கை மிதித்ததும் இரண்டு கட்டைகள் அந்தத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும். இந்தக் கட்டைகள்தான் ‘பிரேக் பேட்’. தேயத் தேய இவற்றை மாற்ற வேண்டும்.

பெரும்பாலான கார்களில் சக்கரத்தைக் கழற்றினால் பேட் கண்ணுக்குத் தெரியும். ஆனால், 1961–ல் ஜாகுவார் கொண்டுவந்த பின்பாகம் வேறு மாதிரி. அதில் தட்டு, காரின் நடுவே டிபரன்ஷியல் பெட்டியை ஒட்டி இருக்கிறது.

ஏன் அப்படி? கனத்த செருப்பு போட்டவன் துள்ளி ஓட முடியுமா? அதுபோலத்தான் சக்கரமும். அதில் தொங்கும் கனம் குறைந்தால், மேடு பள்ளத்திலும் அது சாலையை விட்டு எழும்பாது.

ஓட்டுகிறவருக்குச் சுகம். பழுது பார்க்கிறவருக்குக் கஷ்டம்!

தள்ளிப்போட்டால் ஆபத்து

தாழ்வான காரின் அடியில் படுத்துக்கொண்டு, இரும்புக் குழாய்களுக்கு இடையே கையை நுழைக்க வேண்டும். பல இடங்களில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரலால் தடவித்தான் வேலை.

அதனால், “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து! பேட் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிட வேண்டும். முழுவதும் தேய்ந்தால் இரும்போடு இரும்பு உரசும். கார் சரியாக நிற்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பிரேக் சூட்டில் டிபரன்ஷியலின் ‘ஆயில் சீல்’ கெட்டு, எண்ணெய் கசியும். எண்ணெய் ஊறிய பேட் பிடிக்காது. முதலில் கசிவை நிறுத்த வேண்டும். பிறகுதான் புது பேட்.

மாற்றுவது எப்படி?

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது!

ஊசியைக் கழற்றினால் பழைய பேட் வெளியே வரும். அங்குள்ள தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய பேட்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருந்தது.

பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினால் புது பேட் நுழையும். அப்போது மேலே டப்பாவில் பிரேக் எண்ணெய் உயரும். அது வழிந்தால் பெயிண்ட் போய்விடும்.

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். காரை நகர்த்தும் முன், பிரேக் கெட்டிப்படும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்தால், முதல் மிதியில் பிரேக் பிடிக்காது!

ஒரு சிறு கதவு

அனுபவசாலிகள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இருக்கைகளுக்குப் பின்னால், பிரேக்குக்கு நேர் மேலே தரைத்தகட்டில் ஒரு சிறு கதவு! சட்டக் குழாய்களை வெட்டக்கூடாது. பெட்ரோல் குழாயும் மின்கம்பியும் குறுக்கே இருக்கக்கூடாது. மூடிக்கு ரப்பர் வைத்து திருகினால் தண்ணீர் ஏறாது.

பிறகு மூடியைத் திறந்தால் போதும். பேட் எவ்வளவு தேய்ந்தது என்று ஒரு விளக்கைப் பிடித்தே பார்த்துவிடலாம். எளிதாகப் பார்க்க முடிந்தால் அடிக்கடி பார்ப்பார்கள். தேய்ந்ததும் மாற்றுவார்கள்.

கார் கட்டும்போதே ஒரு கை நுழைய இடம் விட்டால், பின்னால் ஒரு உயிர் பிழைக்கும்!